அன்று தொலைபேசி வந்தது

ஐயா,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் எழுதத் தாமதமானதற்கு என் கண்ணைக் காரணம் சொன்னால் நீ நம்பிவிடுவாய். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆவணியில் திருநெல்வேலிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், ஆபரேஷனுக்கு. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரிகிறது. ஆனால் தாமதத்துக்குக் காரணம் அது இல்லை. நான்கு தடவை எழுத உட்கார்ந்து, நான்கு தடவையும் உடம்பு நலம், மழை நிலவரம், அடுத்த தெருவில் புதிதாக வந்திருக்கும் விசைத்தறிச் சத்தம் என்று எழுதிக் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது. இதை முடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கடிதங்களை இப்போது உன் அம்மாதான் வாசிக்கிறாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அன்றைக்கும் அப்படித்தான். அங்கே வெளிநாட்டில் நீ சேர்ந்திருக்கும் கிளைடர் கிளப், ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சின் இல்லாமல் ஐந்து மணி நேரம் பறந்தது, மலைச்சரிவில் காற்று எப்படித் தூக்குகிறது என்பதெல்லாம் அவள் வாசிக்க வாசிக்க எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அந்த விஷயத்துக்கு வந்தாள். பெரிய விமான நிலையங்களைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் பறக்கும் எல்லா விமானத்திலும் ட்ரான்ஸ்பாண்டர் என்ற பெட்டி இருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் கொண்டுவரப் போகிறார்கள், கிளைடர்களுக்கு விலக்குக் கேட்டு உங்கள் கிளப்பில் கூட்டம் போடுகிறார்கள், அதில் நீ பேசப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். எஞ்சின் இல்லாத விமானத்தில் மின்சாரத்துக்கு எங்கே போவது, பேட்டரியின் கனத்தை யார் சுமப்பது என்று நீ கேட்டிருந்தது நியாயமான கேள்விதான். அதற்குப் பிறகு ஒரு பத்தி. "நான் காதர் மாமாவின் கதையைச் சொல்லப் போகிறேன் அப்பா. பறக்கும் முன் டவருக்கு ஒரு போன் செய்யாததால் வந்த விபத்து அது. போன் செய்யும் ஒழுங்கு இருந்தால் போதும், பெட்டி தேவையில்லை என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த ஒழுங்கை எனக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள்."

உன் அம்மா அதோடு நிறுத்திவிட்டாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "இனியும் நீங்க சொல்லலைன்னா, பிள்ளை அந்தப் பொய்யக் கொண்டுபோயி நாலு பேரு கூடுத எடத்துல வைப்பான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாயங்காலத்துக்கு என்ன காய் என்று கேட்பதுபோல்தான் சொன்னாள். அவளுக்குப் பதின்மூன்று வருடமாகத் தெரியும். உனக்குத்தான் தெரியாது. ஐயா, அன்று தொலைபேசி வந்தது. காதர் செய்தார். எடுத்தது நான். சரி, பறக்கட்டும் என்று அனுமதி கொடுத்ததும் நான்.

இதற்கு மேல் நீ வாசிக்க விரும்பாமல் கடிதத்தை மடித்து வைத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முழுவதும் தெரிந்துகொள்வது உன் உரிமை. உனக்கு நன்றாகத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இதை மடித்து உறையில் போடுவதற்கு முன் உன் அம்மாவும் வாசிப்பாள், நான் எதையாவது மழுப்பியிருக்கிறேனா என்று பார்ப்பாள்.

அந்த மராட்டிய ஊருக்கு நாம் போனபோது உனக்கு ஏழெட்டு வயது. பாஷை தெரியாது. டவரில் எனக்கு வேலை, விமானங்களுக்கு இறங்கவும் ஏறவும் வழி சொல்வது. ஒருநாள் கிளைடர் மைதானத்திலிருந்து தொலைபேசியில் யாரோ ஆங்கிலத்தில் பேசினார். பேசி முடிக்கும் நேரத்தில் பக்கத்தில் இருந்த மராட்டியரிடம், தன்னையறியாமல் தமிழில், "அந்தக் கயித்த இங்கன இழு வே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த ஊர் என்று கேட்டேன். கடையநல்லூர் என்றார். சங்கரன்கோவில்காரன் என்று நான் சொன்னதும், அன்று சாயங்காலமே சைக்கிளில் நம் வீட்டுக்கு வந்துவிட்டார். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து கிளைடர் பயிற்சியாளராக இருந்தார் காதர். அவர் மனைவி ஜைனம்பு மாமியும் உன் அம்மாவும் அதற்குப் பிறகு ஒருவர் இல்லாமல் ஒருவர் கடைக்குப் போனதில்லை. பெருநாளுக்கு நாம் அங்கே, பொங்கலுக்கு அவர்கள் இங்கே. உனக்குப் பன்னிரண்டாவது வயதில் அவர் உன்னை முன் இருக்கையில் கட்டி உட்காரவைத்து மேலே கூட்டிக்கொண்டு போனார். தரையில் இருக்கும் வின்ச் இயந்திரம் கயிற்றால் மேலே இழுத்துவிட்டு, அந்தக் கயிறு கழன்ற பிறகு ஒரு சத்தமும் இல்லை என்று இறங்கி வந்து என்னிடம் சொன்னாய். வேறு ஒன்றும் சொல்லத் தெரியாமல் அதையே மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தாய். நீ இன்று பறப்பது அவரால்தான். அது உனக்கே தெரியும், இருந்தும் பதின்மூன்று வருடமாக நீ அதைச் சொல்வதில்லை. அதற்கும் நான்தான் காரணம்.

நீ மேலே போய்வந்த அதே வருடத்தில்தான் எங்கள் நிலையத்துக்கு ராடார் வந்தது. அதுவரை விமானி வாயால் சொல்வதையும் கண்ணால் பார்ப்பதையும் வைத்துத்தான் வேலை. திரையில் புள்ளி புள்ளியாக விமானங்கள் தெரிந்தபோது எங்களுக்கெல்லாம் ஏதோ புதுக் கண் முளைத்த மாதிரி இருந்தது. காதர் ஒருநாள் டவருக்கு வந்து, "எங்க கிளைடர் இதுல தெரியுமா வே?" என்று கேட்டார். பார்த்துவிடலாம் என்றேன். மறுநாள் அவரே ஒரு கிளைடரை எடுத்துக்கொண்டு மேலே போனார். நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெள்ளையாக, ஒரு பெரிய நாரை மாதிரி அவர் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். திரையில் ஒன்றுமே இல்லை. ராடார் அனுப்பும் அலை இரும்பிலோ அலுமினியத்திலோ பட்டால்தான் நன்றாகத் திரும்பி வரும். மரச்சட்டமும் துணியுமாகச் செய்த கிளைடரில் பட்டு எவ்வளவு திரும்பும்? கண்ணுக்குத் தெரிகிற மனிதர் கருவிக்கு இல்லாமல் போனதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அதை நீ மறக்காமல் மனதில் வைத்துக்கொள். பின்னால் நடந்ததற்கு, எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ளவே முடியாது.

காதர் சும்மா இருக்கவில்லை. பெரிய விமானங்களில் இருக்கும் ட்ரான்ஸ்பாண்டர் பெட்டியைப் பற்றி விசாரித்தார். ராடார் கேட்டதும், இன்ன எண் கொண்ட விமானம் இங்கே இருக்கிறேன் என்று அந்தப் பெட்டி தானாகவே பதில் சொல்லும், விமானி வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று கேட்டதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. கழித்துப்போட்ட விமானங்களிலிருந்து இரண்டு பழைய பெட்டிகளைத் தந்தால், தானே பேட்டரி வைத்துச் சரிசெய்துகொள்வதாக இலாகாவுக்கு எழுதினார். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் போகும் கிளைடர்களுக்கு மட்டுமாவது இந்தப் பெட்டியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று, யாரும் கேட்காமலே தன் கிளப்புக்குத் தானே ஒரு விதி கேட்டார். அந்த விண்ணப்பம் சுற்றிச் சுற்றி, உள்ளூர் நிலையத்தின் அபிப்பிராயத்துக்காக என் மேஜைக்கு வந்தது. நான் என்ன எழுதினேன் தெரியுமா? மூவாயிரம் அடிக்கு மேல் போவதானால் டவருக்குத் தொலைபேசி செய்து அனுமதி பெறும் இப்போதைய ஏற்பாடு போதுமானது, கூடுதல் கருவி அவசியமில்லை. உன் கடிதத்தில் நீ எழுதியிருக்கும் அதே வாதம். எனக்குக் காதர்மேல் விரோதம் ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டியைச் சோதிக்க, விதி எழுத, மேலே பதில் சொல்ல என்று வேலை கூடும் என்று நினைத்தேன். மூன்று வரியில் முடித்துக் கையெழுத்துப் போட்டேன். "போன் இருக்குல்லா, நான் இருக்கேன்லா" என்று அவரிடமும் சொன்னேன். அவர் அதற்குச் சிரித்தார். என்னை நம்பினார்.

அது நடந்தது ஒரு சனிக்கிழமை, கோடைக்காலம். பகலில் தரை சூடேறி காற்று நன்றாக மேலே எழும்பும் காலம், கிளைடர்காரர்களுக்குக் கொண்டாட்டம். மத்தியானம் காதர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவரிடம் கற்றுக்கொண்டிருந்த குல்கர்னி என்ற கணக்கு வாத்தியார் உயரம் ஏறும் பரீட்சைக்குப் பறக்கப் போகிறார், வடகிழக்குப் பக்கம் ஆறாயிரம் அடி வரை போகக்கூடும், நான்கு மணிக்குள் இறங்கிவிடுவார் என்றார். சரி, போகட்டும் என்றேன். அதை லாக் புத்தகத்தில் எழுதி, முன்னால் இருக்கும் பலகையில் ஒரு சீட்டும் செருகி வைக்க வேண்டும். செய்யவில்லை. என்ன அவசரம் என்று கேட்டால், ஒரு அவசரமும் இல்லை. விசாரணை நடந்த நாட்களில் எனக்கு நானே ஒரு சாக்குத் தேடிப் பார்த்தேன், வேறு விமானம் கூப்பிட்டதா, உடம்பு சரியில்லையா என்று. எதுவும் இல்லை. ஷிப்ட் மாற்ற வந்த அதிகாரி பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். சென்னைக்கு எனக்கு மாற்றல் வரும்போல் இருக்கிறது என்று அவர் ஒரு செய்தி கேள்விப்பட்டு வந்திருந்தார். அதைப் பற்றிப் பேசிக்கொண்டே நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். கீழே படி இறங்கும்போதும் அதே நினைப்புத்தான். குல்கர்னி என்ற பெயர் என் நினைவிலிருந்தே போய்விட்டது.

மூன்றரை மணி வாக்கில் பம்பாயிலிருந்து வந்த பயணிகள் விமானம் இறங்க அனுமதி கேட்டது. அந்த அதிகாரி ராடாரைப் பார்த்தார், வடகிழக்கில் ஒன்றும் இல்லை. பலகையைப் பார்த்தார், சீட்டு இல்லை. இறங்கலாம் என்று சொன்னார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. வெயில் புழுதியில் எதிரே ஒன்றும் தெரியாத நேரம் அது. விமானி கிளைடரைக் கண்டபோது அது மூக்குக்கு முன்னால் இருந்தது. திருப்பிவிட்டார், மோதவில்லை. விமானத்துக்குள் நான்கைந்து பேருக்குத் தலையில் அடி, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெரிய விமானம் கடந்து போனபோது பின்னால் சுழன்ற காற்று கிளைடரைப் பிடித்து உருட்டிவிட்டது. ஒரு இறக்கையின் நுனி உடைந்தது. குல்கர்னி எப்படியோ அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்து ஒரு கரும்பு வயலில் விழுந்தார். இரண்டு காலும் நொறுங்கிவிட்டன. காதர்தான் முதலில் அங்கே ஓடிப்போனவர். கரும்புக் கட்டு ஏற்றுகிற வண்டியில் போட்டுக் கொண்டுபோயிருக்கிறார். நான் அப்போது வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை பதினைந்து நாள் கழித்து. அந்த அதிகாரி, ஷிப்ட் மாறும்போது கிளைடர் பற்றித் தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார். அது உண்மை. பிறகு என்னைக் கேட்டார்கள். என் பணி நேரத்தில் அப்படி ஒரு தொலைபேசி வரவில்லை என்றேன். விமானிகள் பேசுவது நாடாவில் பதிவாகும், தொலைபேசிப் பேச்சு பதிவாகாது. அது எனக்குத் தெரியும். காதர் தன் கிளப் நோட்டைக் காட்டினார், பேசிய நேரம் அதில் இருந்தது. பின்னால் எழுதியிருக்கலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். குல்கர்னியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காரவைத்தார்கள். தன் முன்னால்தான் காதர் தொலைபேசியில் பேசினார், அனுமதி கிடைத்ததாகச் சொன்ன பிறகுதான் தான் ஏறியதாக அவர் சொன்னார். மாணவர் குருவைக் காப்பாற்றுகிறார் என்றார்கள். அது முழுவதும் நடந்து முடிகிறவரை நான் அதே அறையில் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காதர் ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஏதோ மறந்துவிட்டேன், இப்போது ஞாபகம் வந்து சொல்லிவிடுவேன் என்பதுபோல் பார்த்தார்.

விசாரணைக்கு முந்தின நாளே உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். "மெய்யச் சொல்லிருங்க, என்ன வந்தாலும் பாத்துக்கிடலாம்" என்றாள். வேலை போய்விடும், சென்னை மாற்றல் போய்விடும், பையன் படிப்பு என்னாவது என்று கேட்டேன். உன் பெயரைச் சொல்லித்தான் அவள் வாயை அடைத்தேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. காதரின் பயிற்சியாளர் உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். கிளப்பும் அவரை அனுப்பிவிட்டது. அவர்கள் ஊரைவிட்டுப் போன அன்று ஜைனம்பு மாமி நம் வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிட்டாள். உன் அம்மா உள்ளேயே இருந்துவிட்டாள், எந்த முகத்தோடு வெளியே வருவது என்று. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து காதர் மாமா எங்கே என்று கேட்டபோது, அவர் அஜாக்கிரதையால் ஒரு மனிதனின் கால் போய்விட்டது, அதனால் அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னேன். நீ அழுதாய். பிறகு அவர் உனக்குக் கொடுத்திருந்த போட்டோவை, அவரும் நீயும் கிளைடருக்குப் பக்கத்தில் நின்ற போட்டோவை, நீயாகவே எடுத்துத் துணிப்பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாய். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை ஒரு நல்ல மனிதரை வெறுக்கக் கற்றுக்கொண்டது, நான் சொல்லிக்கொடுத்து.

மூன்று மாதத்தில் சென்னைக்கு மாற்றல் வந்தது, பதவி உயர்வோடு. நீ நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாய், எஞ்சினீயரிங் படித்தாய், வெளிநாடு போனாய். இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. உன் படிப்பு உன் உழைப்பு, அதில் ஒரு மார்க் கூட என் பொய்யால் வந்ததில்லை. ஆனால் நாம் சென்னைக்கு வண்டி ஏறியது எதனால் என்று கேட்டால் நான் மறைக்க முடியாது. ஓய்வு பெற்று சங்கரன்கோவிலுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. காதர் வளைகுடா நாட்டில் எட்டு வருடம் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டுக் கடையநல்லூருக்கே திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு எப்போதோ தெரியும். புளியங்குடி போய் பஸ் மாறினால் ஒன்றரை மணி நேரம். பூ மார்க்கெட்டில் கடையநல்லூர்காரர் யாராவது பேசிக்கொண்டிருந்தால், நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன். இந்த மூன்று வருடம் நான் செய்தது அவ்வளவுதான்.

உன் கடிதம் வந்த மறுவாரம் நானும் உன் அம்மாவும் போனோம். இங்கே கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்ததால் பஸ்ஸெல்லாம் கூட்டம், புளியங்குடி வரை நின்றுகொண்டே போனோம். பள்ளிவாசலுக்குப் பின்னால் சின்ன வீடு. காதர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாரும்" என்றார். உள்ளே போய் உட்கார்ந்தோம். ஜைனம்பு மாமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "காதர், அன்னைக்கு உம்ம போன் வந்துச்சு. நாந்தான் எடுத்தேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "இத எங்கிட்ட ஏன் வே சொல்லுதீரு? போன் பண்ணுனவன் நான்லா, எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியாதவங்க இருக்காங்க. அவங்ககிட்ட போயிச் சொல்லும்."

பிறகு அவரே பேசினார். உரிமம் போனதை அவர் பெரிதாகப் பேசவில்லை. குல்கர்னியைப் பற்றித்தான் சொன்னார். வருடத்துக்கு ஒரு கடிதம் அவரிடமிருந்து வருகிறதாம். ஒரு கால் குட்டையாகிவிட்டது, கட்டையை ஊன்றிக்கொண்டு இன்னும் பள்ளிக்கூடம் போகிறாராம். "கால் போனதுக்கு அவன் அழல. பொய்யன்னு சொல்லிட்டாங்கள்லா, அதுக்கு அழுதான்" என்றார். நாங்கள் புறப்பட்டபோது உன் அம்மா ஜைனம்பு மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமி கையை உதறவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. "எட்டு வருசம் எம்புள்ளைங்க வாப்பா மொகம் பாக்காம வளந்துச்சு மைனி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அங்கே சண்டை போட்டிருந்தால், வெளியே போகச் சொல்லியிருந்தால், நான் ஏதோ அனுபவித்துவிட்டேன் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அந்த வசதியை அவர்கள் எனக்குத் தரவில்லை. அது சரிதான்.

திரும்பி வந்து, தெரியாதவர்களுக்கு எழுத ஆரம்பித்தேன். முதலில் இலாகாவுக்கு. விசாரணையில் நான் பொய் சொன்னேன், தொலைபேசி வந்தது, அனுமதி கொடுத்தது நான், எழுதாமல் விட்டது நான், காதர் மீதும் குல்கர்னி மீதும் சொல்லப்பட்டதைத் திருத்தி எழுத வேண்டும் என்று கேட்டேன். கிளைடர்களுக்குப் பெட்டி வேண்டாம் என்று நான் எழுதிய அந்த மூன்று வரியையும் குறிப்பிட்டேன். இன்னொன்று குல்கர்னிக்கு. அது இலாகாவுக்கு எழுதியதைவிடக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவரை நான் விசாரணை அறையில் தவிர வேறெங்கும் பார்த்ததே இல்லை. இரண்டையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். பென்ஷனில் கை வைப்பார்களா, கேஸ் போடுவார்களா, இல்லை பழைய கட்டோடு கட்டாகத் தூக்கிப் போட்டுவிடுவார்களா, எனக்குத் தெரியாது. இன்றுவரை இரண்டு இடத்திலிருந்தும் பதில் இல்லை. மூன்றாவது கடிதம் இது. உண்மை தெரியாதவர்களில் என்னை அதிகமாக நம்பியவன் நீ. அதனால்தான் உனக்கு எழுதக் கடைசியில் துணிந்தேன்.

ஐயா, உங்கள் கூட்டத்தில் என்ன பேச வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அந்த யோக்கியதை எனக்கு இல்லை. பேட்டரி கனம் என்கிறாய், உண்மை. எல்லாக் கிளைடரும் விமானப் பாதைக்குப் பக்கத்தில் போவதில்லை என்கிறாய், அதுவும் உண்மை. அதையெல்லாம் தாராளமாகப் பேசு. ஆனால் காதர் கதையைச் சொல்வதானால் முழுவதும் சொல். ஒழுங்கு இருந்தால் போதும் என்று எழுதியிருந்தாய். காதரிடம் ஒழுங்கு இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்தார், நேரத்தைக் கூட எழுதிவைத்தார். அந்த ஒழுங்கு கம்பி வழியாக இன்னொரு மனிதனின் காதுக்கு வந்து, அங்கே நின்றுபோனது. அந்த மனிதன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை, மாற்றலைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாலே போதும். கீழே இருக்கிறவன் மறந்துபோனாலும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு பொருள் அந்தக் கிளைடரில் இருந்திருந்தால், குல்கர்னி இரண்டு காலோடு நடந்துபோவார். உன் அப்பாவின் பெயரைச் சொல்லியே பேசு. அதற்கு நான் வெட்கப்பட மாட்டேன். வெட்கப்பட வேண்டிய காலத்தில்தான் தலை நிமிர்ந்து திரிந்தேனே. துணிப்பெட்டிக்கு அடியில் நீ போட்ட அந்த போட்டோ உன் அம்மாவிடம் இருக்கிறது. வேண்டும் என்றால் எழுது, அனுப்பி வைப்பாள். வேண்டாம் என்றாலும் எழுது.

போன வெள்ளிக்கிழமை நான் மட்டும் மறுபடியும் கடையநல்லூர் போனேன், இலாகாவுக்கு எழுதியதன் நகலைக் கொடுக்க. காதர் அதை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை வாசித்தார். பேனா கேட்டார். தொலைபேசி வந்த நேரம் இரண்டு பத்து என்று நான் எழுதியிருந்தேன். அதை அடித்து, இரண்டே கால் என்று திருத்தினார். வேறு எதையும் தொடவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தார். பஸ் புறப்படும் நேரத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, "பையன் இன்னும் பறக்கானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முகம் கொஞ்சம் மாறியது. "கிளைடர்லயா?" ஆமாம் என்றேன். "அந்தப் பெட்டி வச்சிருக்கானா?" இல்லை என்றேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். காதர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே இரண்டு எட்டு கூட நடந்து வந்தார்.

"வைக்கச் சொல்லும் வே. ஆளை நம்பிப் பறக்காண்டாம்னு நான் சொன்னேன்னு எழுதும்."

எழுதிவிட்டேன்.

அப்பா